அந்த ‘எச்’ எழுத்தைத் தடித்து அச்சிடுவதற்கு முன்

தமிழ்நாட்டில் ரத்தப் பரிசோதனைக் கூடங்களை நடத்துகிறவர்களுக்கும், ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பேக்கேஜ்களை வகுத்து விற்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

31 ஆண்டுகள் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களை வேகமாகச் சுற்றும் கருவியின் இரைச்சலிலேயே என் நடுவயது கழிந்தது. ஆகவே இதை வெளியாள் எழுதும் புகாராக எடுத்துக்கொள்ள வேண்டாம். பங்காளி எழுதுவது, பங்காளிக்கு உள்ள உரிமையும் எரிச்சலும் இதில் இருக்கும்.

பொருள், பி.எஸ்.ஏ. ஆண்களுக்கு உள்ள புராஸ்டேட் சுரப்பியில் ஊறும் ஒரு புரதம் அது; அதை ரத்தத்தில் அளந்து, அந்தச் சுரப்பியில் புற்றுநோய் இருக்கலாமோ என்று சந்தேகிக்க உதவும் பரிசோதனைக்கும் அதே பெயர்தான். புதிய கருவி வந்திருக்கிறது, துல்லியம் கூடிவிட்டது என்று உங்கள் விளம்பரங்கள் சொல்கின்றன. கருவியைப் பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ரத்தம் அதற்குள் போகும் முன் நடப்பதும், எண் வெளியே வந்த பிறகு நடப்பதும்தான் என்னை எழுத வைக்கின்றன.

போன ஆடி மாதத்தில் ஓர் இரவு, பத்தேகால் மணிக்கு, என் அத்தானிடமிருந்து போன் வந்தது. அவருக்கு 67 வயது. வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒரு பேக்கேஜுக்குப் பணம் கட்டியிருந்தான். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் எல்லாம் பார்த்துவிட்டு, பி.எஸ்.ஏ.யையும் இலவச இணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். முடிவு 14 பக்கங்களில் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தது. பதினொன்றாம் பக்கத்தில் 8.94. எண்ணைத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் சிவப்பு அம்புக்குறியும் ‘எச்’ என்ற எழுத்தும் வைத்திருந்தார்கள். அதற்கு எதிரே 0.00 – 4.00 என்ற இயல்பு எல்லை. ‘ஹை’, அதாவது எல்லைக்கு மேல், என்பதன் சுருக்கம்தான் அந்த ‘எச்’.

“மாப்பிள்ளை, இந்த எச் என்றால் என்ன?” என்று கேட்டார். அதற்குள் மகன் இணையத்தில் தேடிப் பார்த்து அம்மாவிடம் சொல்லியிருந்தான். அக்காள் விளக்கை ஏற்றிவிட்டுச் சாமி படத்துக்கு முன் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் என்னிடம் சொல்லாமலே இருவரும் இன்னொரு கூடத்துக்குப் போய்ப் பார்த்தார்கள். அங்கே 7.1. ஒரே நாளில் இவ்வளவு இறங்கியதற்குக் காரணம் விடியற்காலையில் குடித்த சீந்தில் கஷாயம்தான் என்று அத்தான் முடிவு செய்துவிட்டார். இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் ஒரு நிறுவனத்தின் கிட் (பரிசோதனைக்கான ரசாயனத் தொகுப்பு), மற்றதில் வேறு ஒன்று. ஒரு தாளில் அந்த விவரம் எறும்பு அளவு எழுத்தில் இருந்தது; இன்னொன்றில் அதுவும் இல்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கிட் மாறினால் எண்ணும் மாறும். கஷாயத்துக்கு இதில் வேலையே இல்லை.

பிறகு சிறுநீர்ப் பாதைக்கான மருத்துவர், யூராலஜிஸ்டிடம் அழைத்துப் போனேன். அவர் தாள்களைத் திறக்கும் முன்பே கேட்ட முதல் கேள்வி: “சமீபத்தில் காய்ச்சல், நீர்க்கடுப்பு ஏதாவது?” இருந்தது. ரத்தம் கொடுப்பதற்கு மூன்று வாரம் முன்னால் குளிர்காய்ச்சலும் எரிச்சலுமாகக் கிடந்து, மாத்திரை சாப்பிட்டுத் தேறியிருந்தார். சிறுநீர்ப் பாதையில் தொற்று வந்தால் பி.எஸ்.ஏ. ஏறும், இறங்குவதற்கு வாரக் கணக்கில் ஆகும். எட்டு வாரம் கழித்து, இரண்டாவதாகப் பார்த்த அதே கூடத்தில் மறுபடியும் பார்த்தோம். 2.3. இடைப்பட்ட நாள்களில் அக்காள் நான்கு கிலோ இளைத்திருந்தாள்.

யூராலஜிஸ்ட் கேட்ட கேள்வியைக் கேட்க அரை நிமிடம் ஆகாது. உங்கள் ஆள் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தாரே, அவர் ஏன் கேட்கவில்லை? கேட்கச் சொல்லி யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே யாருக்கும் தூக்கம் கெடுவதில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். புராஸ்டேட் வீக்கத்துக்கு டூட்டாஸ்டெரைட் மாத்திரையை இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிட்டு வருகிறார். அவருடைய பி.எஸ்.ஏ. 3.6. தாளில் ‘எச்’ இல்லை, அம்புக்குறி இல்லை. நற்சான்றிதழைப் போல என்னிடம் கொண்டுவந்து காட்டினார். டூட்டாஸ்டெரைடோ ஃபினாஸ்டெரைடோ ஆறு மாதம், ஒரு வருடம் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறத்தாழ பாதியாகிவிடும். அந்த 3.6ஐ இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். 7.2 என்று வந்தால் நீங்கள் எத்தனை அம்புக்குறி போட்டிருப்பீர்கள்? அவரை மருத்துவரிடம் போகச் சொன்னேன், போனார். அதன் பிறகு நடந்தது அவருடைய அந்தரங்கம்.

முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் மாத்திரைகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. வழுக்கைக்குக் கொடுக்கும் ஒரு மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடும் பி.எஸ்.ஏ.யை இறக்கும். முடிக்கான மாத்திரைகளில் சேர்க்கும் பயோட்டின் என்ற வைட்டமின் வேறு விதமாகக் குழப்பும். சில கிட்கள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒட்டிக்கொள்ளும் பிடிப்பை நம்பி இயங்குகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் அந்த ஒட்டும் இடங்களை அது பிடித்துக்கொள்ளும், பி.எஸ்.ஏ. போன்ற பரிசோதனைகளில் எண் பொய்யாகக் குறையும். இதைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. கிட் தயாரிப்பாளர்களில் பலர் அதன் பின் திருத்திக்கொண்டார்கள். உங்கள் கூடத்தில் ஓடுவது திருத்திய கிட்டா, பழையதா? கிட்டோடு வரும் தாளைப் பிரித்துப் படித்தவர் உங்களில் எத்தனை பேர்?

பிரிட்டனில் ரத்தம் எடுக்கும் முன்பே கேட்கிறார்கள். ஆறு வாரத்துக்குள் சிறுநீர்த் தொற்று வந்ததா, புராஸ்டேட்டில் ஊசி போட்டுத் திசு எடுத்தார்களா, 48 மணி நேரத்துக்குள் கடுமையாக சைக்கிள் ஓட்டினீர்களா, விந்து வெளியேறியதா. இந்தக் கடைசிக் கேள்வியில் உள்ள கூச்சம் எனக்குத் தெரியும். ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு 22 வயது, எதிரே கையை நீட்டியிருப்பவருக்கு 65. வாய்விட்டுக் கேட்க முடியாதுதான். அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து டிக் போடச் சொல்லலாமே. சர்க்கரை பார்க்க வருகிறவரிடம் “சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆகிறது” என்று கேட்காமல் நாம் ஊசியைத் தொடுவதில்லை. அந்தப் பழக்கம் இதற்கு மட்டும் ஏன் வரவில்லை?

இனி குழாய்க்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எஸ்.ஏ. ரத்தத்தில் இரண்டு வேடத்தில் திரிகிறது. பெரும்பகுதி ஆல்ஃபா-1 ஆன்டிகைமோட்ரிப்சின் என்ற புரதத்தோடு கட்டுண்டு கிடக்கும். மீதி தனித்து ஓடும். புற்றுநோய் உள்ளவர்களிடம் தனித்து ஓடும் பங்கு குறைவாக இருக்கும் போக்கு உண்டு. மொத்த பி.எஸ்.ஏ. 4க்கும் 10க்கும் நடுவில் இருக்கும்போது ஊசி போட்டுத் திசு எடுப்பதா வேண்டாமா என்ற இழுபறி வரும். திசு எடுக்கிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் நோய் இருக்கும். இந்த இடத்தில் தனித்த பங்கின் சதவீதம் கைகொடுக்கிறது. 1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், 25 சதவீதத்தை எல்லையாக வைத்துக்கொண்டால் 95 சதவீதப் புற்றுகள் பிடிபட்டன. தேவையற்ற ஊசிகளில் ஐந்தில் ஒன்று தவிர்ந்தது. நல்ல கருவிதான்.

ஆனால் இந்தத் தனித்த பி.எஸ்.ஏ. ஊரிலேயே நோஞ்சான். ரத்தம் எடுத்து மூன்று மணி நேரத்துக்குள் குழாயைக் கருவியில் சுற்றி, சீரத்தை (ரத்தம் உறைந்த பின் தெளியும் நீர்ப்பகுதியை) பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் தேய ஆரம்பித்துவிடும். மொத்த அளவு அவ்வளவு சீக்கிரம் தேயாது. இப்போது நம் ஊர் நடைமுறையை நினைத்துப் பாருங்கள். காலை ஆறரைக்கு ஒரு தம்பி பைக்கில் கிளம்புகிறான். பத்துப் பன்னிரண்டு வீடுகள். பையில் வைத்த ஐஸ் கட்டி எட்டரைக்கே வெந்நீராகிவிடுகிறது. பத்தரைக்கு கலெக்‌ஷன் சென்டரில் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே சுற்றும் கருவி கிடையாது, ஒரு மேசையும் ஒரு பில் மெஷினும்தான். மதியம் பார்சலாக பஸ் ஏறி, சாயங்காலம் பெரிய ஊரில் இறங்கும்போது குழாய்க்கு வயது ஒன்பது மணி நேரம். தனித்த பங்கு தேய்ந்திருக்கும்; மொத்தம் அப்படியே இருக்கும்; ஆகவே சதவீதம் குறைந்திருக்கும். சதவீதம் குறைந்தால் புற்றுநோய்ச் சந்தேகம் கூடும். பஸ் தாமதமானது மருத்துவரின் மேசையில் நோயின் அறிகுறியாகிப் போகிறது.

புதிய குறியீடுகள் வந்து இதைச் சரிசெய்துவிடும் என்கிறீர்களா? ‘புராஸ்டேட் ஹெல்த் இண்டெக்ஸ்’ என்று ஒன்று, 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி.எஸ்.ஏ.யின் முன்வடிவமான புரோ-பி.எஸ்.ஏ.யின் ஒரு வகையைத் தனித்த பி.எஸ்.ஏ.யால் வகுத்து, மொத்த பி.எஸ்.ஏ.யின் வர்க்கமூலத்தால் பெருக்குவார்கள். நல்ல யோசனை, பழைய சதவீதத்தைவிட நன்றாகவே பிரித்துக் காட்டுகிறது. ஆனால் சுற்றாமல் கிடக்கும் ரத்தத்தில் மேலே இருக்கும் புரோ-பி.எஸ்.ஏ. ஏறும், கீழே வகுக்கும் தனித்த பி.எஸ்.ஏ. இறங்கும். இரண்டும் சேர்ந்து குறியீட்டை ஒரே பக்கமாக, மேல்நோக்கித் தள்ளும். அதிக விலை கொடுத்து வாங்கிய துல்லியம் அந்தத் தம்பியின் பைக்கிலேயே கரைந்துபோகிறது. நான்கு வகைக் கலிக்ரீன்களை (பி.எஸ்.ஏ. குடும்பத்துப் புரதங்களை) அளக்கும் பரிசோதனை, ஸ்வீடனில் உருவான ஸ்டாக்ஹோம்-3 பரிசோதனை எல்லாம் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் கலெக்‌ஷன் சென்டருக்கு ஒரு சுற்றும் கருவி வரட்டும். பெரிய காசு இல்லை. உங்கள் வரவேற்பறையில் தொங்கும் டிவிக்கு ஆன செலவைவிட அதிகம் ஆகுமா என்பது சந்தேகம். எடுத்த நேரம், பிரித்த நேரம் இரண்டையும் முடிவுத்தாளில் போடுங்கள். மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் தனித்த பங்கை அறிவிக்காமல், மறுபடி எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

நான்கு என்ற அந்த எல்லைக்கோட்டுக்கும் ஒரு கதை உண்டு. பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு 1986இல் அமெரிக்காவில் கிடைத்த அனுமதி, ஏற்கெனவே நோயுள்ளவர்களைக் கண்காணிப்பதற்கு. நோயைக் கண்டுபிடிக்க உதவும் பரிசோதனை என்ற அனுமதி 1994இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் கிட்டை வைத்துப் பார்த்து வகுத்த எல்லைதான் 4.0. பிறகு 90களின் கடைசியில், கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறுகிறதே என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு பொது அளவுகோலைக் கொண்டுவந்தது: 90 பங்கு கட்டுண்டதும் 10 பங்கு தனித்ததும் கலந்த ஒரு கலவை. அதை வைத்துக் கருவியைச் சீர்செய்தால் பழைய அளவுகோலைவிட எண் 20 சதவீதத்துக்கு மேல் குறைவாக வரும். பழைய 4.0 புதிய அளவில் ஏறக்குறைய 3.1. படி மாறியது, ஆனால் பானையில் கிழித்த கோடு மாறவில்லை. உலக சுகாதார நிறுவன அளவில் அளந்துவிட்டு 4.00 என்றே எல்லை போடும் தாள்களை நான் கட்டுக்கட்டாகப் பார்த்திருக்கிறேன். 3.5 வந்தவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்.

அந்த எல்லை ஒன்றும் மதில் இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. 2004இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பி.எஸ்.ஏ. 4ஐத் தாண்டாதவர்களுக்கும் திசு எடுத்துப் பார்த்தபோது 15 சதவீதம் பேருக்குப் புற்று இருந்தது. பி.எஸ்.ஏ.யை 1970இல் முதலில் விவரித்தவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்லினே, இதை வைத்து எல்லா ஆண்களையும் சலித்தெடுப்பதை எதிர்த்து 2010இல் செய்தித்தாளில் எழுதினார். அவர் கோபம் கொஞ்சம் அதிகம் என்பது என் கருத்து. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் பார்த்தால் இது உயிர் காக்கும். ஆனால் 3.98க்கு ஒன்றும் போடாமல் 4.02க்குச் சிவப்பு அம்பு போடுகிற நம் வழக்கத்தைப் பார்க்கும்போது அவர் கோபம் புரிகிறது.

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள இதை எழுதவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வை பார்த்த இடத்திலேயே நடந்தது. கிட்டின் லாட், அதாவது தயாரிப்புத் தொகுதி, மாறியது. காலையில், அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் திரவத்தை ஓட்டினோம், கோட்டுக்குள் இருந்தது, கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் ஒரு மருத்துவர் கூப்பிட்டு, “அறுவை செய்த என் நோயாளிகள் நாலு பேருக்கும் ஒரே வாரத்தில் பி.எஸ்.ஏ. ஏறியிருக்கிறதே, உங்கள் மெஷினுக்கும் நோய் வந்துவிட்டதா?” என்று கேட்டார். குளிர்பெட்டியில் இருந்த பழைய சீரங்களை எடுத்துப் புது லாட்டில் ஓட்டிப் பார்த்தோம். எல்லாமே கூடுதலாக வந்தது. கன்ட்ரோல் திரவம் கோட்டுக்குள் இருந்தால் நோயாளியின் ரத்தமும் சரியாகத்தான் வரும் என்று நம்பியது என் தவறு. கம்பெனி தயாரித்த திரவம் எப்போதும் மனித ரத்தத்தைப் போல நடந்துகொள்வதில்லை. புராஸ்டேட்டை எடுத்துவிட்ட ஒருவருக்கு 0.2 என்பது நோய் திரும்பிவிட்டதோ என்று அஞ்ச வைக்கும் எண். அங்கே 0.1க்கும் 0.2க்கும் உள்ள இடைவெளியில்தான் ஒரு குடும்பம் குடியிருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு லாட் மாறும்போதும் நோயாளிகளின் சீரத்தைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டி ஒப்பிடாமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. நீங்கள் கருவியையே மாற்றும்போது, கண்காணிப்பில் இருப்பவர்களுக்குச் சில மாதங்களாவது இரண்டு முறையிலும் பார்த்து இரண்டு எண்ணையும் கொடுங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வெளித்தர மதிப்பீட்டுத் திட்டம் நடத்துகிறது. அவர்கள் அனுப்பும் மாதிரியை ஓட்டி எண்ணை அனுப்பினால், மற்றவர்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்வார்கள். இதுபோன்ற ஏதாவதொரு திட்டத்தில் சேராமல் பி.எஸ்.ஏ. பார்ப்பதைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடிப்பதாகவே நினைக்கிறேன். ஆய்வகங்களுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் நம் நாட்டில் விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்வது. வாங்காதவர்களைத் தடுக்க யாரும் இல்லை. மாநிலத்தின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997இல் வந்தது, விதிகள் 2018இல்தான் வந்தன. அரசு வந்து சொல்லும் வரை காத்திருப்பது உங்கள் இஷ்டம்.

உங்கள் பதில் எனக்குத் தெரியும். “நாங்கள் எண்ணை மட்டும் கொடுக்கிறோம், பொருள் சொல்வது மருத்துவர் வேலை. தாளின் அடியில் அதைத்தான் போட்டிருக்கிறோம்.” மருத்துவர் எழுதி அனுப்பியவர் என்றால் சரி. பேக்கேஜ் வாங்கியவருக்கு மருத்துவர் யார்? நீங்கள்தான் அவரைக் கடைக்கு அழைத்தீர்கள், நீங்கள்தான் அந்தப் பரிசோதனையை இலவசமாகச் சேர்த்தீர்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் நீங்கள்தான். அழைத்தவன் இலை போட்டுப் பரிமாறிவிட்டு, விக்கல் எடுக்கும்போது தண்ணீர் பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று சொல்வதில்லை.

யாருக்குப் பார்ப்பது என்பதையும் கொஞ்சம் யோசியுங்கள். 32 வயதுக்காரருக்கும் 81 வயதுக்காரருக்கும் ஒரே பேக்கேஜ். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல் சொன்னது, 55 முதல் 69 வயது வரை உள்ளவர்கள் நன்மை தீமைகளை மருத்துவரோடு பேசி முடிவு செய்யட்டும், 70க்கு மேல் நோயறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சலித்தெடுப்பு வேண்டாம் என்று. நோய் அரிதாக இருக்கும் கூட்டத்தில் எவ்வளவு நல்ல பரிசோதனையும் பொய் எச்சரிக்கையையே அதிகம் தரும். கேட்காதவருக்கு இலவசமாகக் கொடுப்பதை நிறுத்தினாலே உங்கள் துல்லியம் ஓரளவு கூடிவிடும். கருவியில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம்.

கடைசியாக அந்த ‘எச்’. ஒரே ஆளுக்கு, நோய் எதுவும் இல்லாமலே, பி.எஸ்.ஏ. 15, 20 சதவீதம் ஏறி இறங்கும். 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 972 ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். 4ஐத் தாண்டியவர்களில் 44 சதவீதம் பேருக்குப் பிறகு எடுத்த பரிசோதனையில் எண் தானாகவே எல்லைக்குள் வந்திருந்தது. எனவே எல்லையை ஒட்டிய எண்ணுக்கு ‘எச்’சும் அம்பும் போடாமல், “சில வாரம் கழித்து, இதே கூடத்தில், இதே முறையில் மறுபடி பார்க்கவும்” என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். உங்கள் கணினியிலேயே கிடக்கும் அவருடைய பழைய எண்களையும், எந்தக் கிட், எந்த அளவுகோல் என்பதையும் பக்கத்தில் அச்சிடுங்கள். 60, 100 என்று வந்தவரைக் காத்திருக்கச் சொல்லவில்லை. அவருக்கு அன்றே, பகலில், விஷயம் தெரிந்த ஒருவர் போனில் பேச வேண்டும்.

வரும் தை மாதம் அத்தானுக்கு அடுத்த பரிசோதனை. பழைய கூடத்துக்கே போகச் சொல்லியிருக்கிறேன். அரைப் பக்கத் தாளில் எழுதிக் கொடுத்தாயிற்று: காய்ச்சல் இல்லை, நீர்க்கடுப்பு இல்லை, இரண்டு நாளாக சைக்கிள் தொடவில்லை, சாப்பிடும் மாத்திரைகள் இவை, போன தடவை எண் 2.3, கிட்டின் பெயர் இது. மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கவுண்டரில் யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பார். கேட்காவிட்டால் அவராகவே நீட்டுவார். தயவுசெய்து வாங்கி, குழாயோடு சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக மேற்பார்வையாளர் ஒருவர்,
மதுரை.